நாற்பத்தொரு குழி

18 ஜூன் 2024, செவ்வாய்

இன்று எங்கள் ட்ரஸ்ட் ஆபீஸுக்குப் புது மேடம் வந்து சேர்ந்தாள். பெயர் வைஜயந்தி. வயது முப்பத்திரண்டுதான் என்று செக்ரட்டரி சந்திரசேகர் ஏதோ அவரே பெற்று வளர்த்த மாதிரி பெருமையாகச் சொன்னார். நெதர்லாந்தில் படித்து, அங்கேயே மூன்று வருஷம் வேலையும் பார்த்தவளாம். அப்பா மலைமேல் கோயில் கைங்கர்யத்தில் இருந்தவர். திருப்பதியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் புத்தூர் தாண்டி ஒரு தடவையாவது பஸ்ஸில் போயிருப்பாளா என்பது எனக்குச் சந்தேகம்.

பதினாலு வருஷமாக நான் உட்கார்ந்த ஜன்னலோர மேசை அவளுக்கு. எனக்கு ஜெராக்ஸ் மிஷின் பக்கத்தில்.

"கோவர்த்தனன் சார், உங்க அனுபவம்தான் எனக்கு பலம்" என்றாள். இந்த மாதிரி பேச்செல்லாம் எந்தக் காலேஜில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

மூன்று நாட்டுத் திட்டம் இனி அவள் கையில். சத்தியவேடு பக்கம் கொல்லமேடு, கென்யாவில் கிடுயி, நெதர்லாந்தில் வாயில் நுழையாத ஒரு சின்ன ஊர். மூன்று ஊர், மூன்று பள்ளிக்கூடம். பிள்ளைகள் திரையில் பேசிக்கொள்வார்கள். ஊர்க்காரர்கள் தண்ணீரையும் மரத்தையும் பார்த்துக்கொள்வார்கள். யார் என்ன செய்தார்கள் என்று வருஷத்துக்கு ஒரு முறை ரிப்போர்ட் மாற்றிக்கொள்வோம். கொல்லமேட்டில் இதை ஆரம்பித்தவன் நான். 2019ல். அப்போது இவள் எங்கே இருந்தாள்?

முதல் நாளே மீட்டிங். "இந்த வருஷம் ரிப்போர்ட்டை நாம எழுத வேண்டாமே. கொழந்தைகளே போய் குழி, மரம் எத்தனைன்னு எண்ணட்டும். எண்ணினதை அவாளே மத்த ரெண்டு ஊருக்கும் அனுப்பட்டும்."

செக்ரட்டரி தலையாட்டினார். நானும் ஆட்டினேன். எண்ணட்டும். வானத்து நட்சத்திரத்தையும் சேர்த்து எண்ணட்டும்.


21 ஜூன், வெள்ளி

மிஷின் சூடு முழுக்க என் முதுகில். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.


3 ஜூலை, புதன்

மேடத்தோடு கொல்லமேடு. ஜீப்பில் போனோம். நாகலாபுரம் தாண்டும் வரை போனில் டச்சுக்காரர்களோடு சிரித்துக்கொண்டே வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குத் தரணி என்று ஒரு டீச்சர். தமிழ் மீடியம். போன வருஷம் மாற்றலாகி வந்தவர். மேடத்தைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஏதோ ஒரே வீட்டுப் பெண்கள் மாதிரி ஒட்டிக்கொண்டார்கள். நான் வாசலில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் கிடுயிப் பிள்ளைகள். அவர்கள் ஹெட்மாஸ்டர் கியோகோ பெரிய உருவம், மெதுவாகப் பேசுகிற மனுஷன். அங்கிருந்து ஒரு பெண் எழுந்து ஆங்கிலத்தில் கேட்டாள்: உங்கள் ஊரில் மழைத் தண்ணி பூமிக்குள் இறங்கக் குழி வெட்டி வைத்திருக்கிறீர்களாமே, அதில் எத்தனை குழி தண்ணி குடிக்கிறது?

எங்கள் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான்தான் முன்னால் போய், "ஃபார்ட்டி ஒன். ஆல் வொர்க்கிங்" என்றேன்.

கிடுயியில் கை தட்டினார்கள். வைஜயந்தி தட்டவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டாள். எதையும் எழுதிக்கொள்கிற ஆட்களை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது.


4 ஜூலை, வியாழன்

ஏன் முந்திக்கொண்டு சொன்னேன்?

இது என் நோட்டு. இதிலும் மறைத்து என்ன ஆகப்போகிறது. நாற்பத்தொரு குழியும் வெட்டினது நிஜம். தண்ணி உறிஞ்சும் குழி என்பதற்குத் தெலுங்கில் இங்குடு குண்ட்ட என்று போர்டு எழுதி, ஒவ்வொன்றிலும் கல், ஜல்லி, மணல் போட்டு ஊரே கூடி வெட்டினோம். முதல் வருஷம் மழைக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். கடைசியாக எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தது 2021. அதற்கப்புறம் புது ஊர், புது ஸ்கீம், புது ஃபாரம். வருஷக் கடைசியில் செக்ரட்டரி, "கொல்லமேடு என்னய்யா, நாற்பத்தொண்ணுதானே?" என்பார். "நாற்பத்தொண்ணுதான் சார்" என்பேன். பழைய ரிப்போர்ட்டில் தேதி மட்டும் மாறும்.

மூன்று வருஷ ரிப்போர்ட் அப்படித்தான். இது பொய்யா? பார்க்காதது பொய்யாகுமா?


22 ஜூலை, திங்கள்

பிள்ளைகள் குழி எண்ணுகிற நாள் ஆகஸ்ட் 3, சனிக்கிழமை என்று முடிவாகிவிட்டது. போன வாரமே தரணி டீச்சருக்குப் போன் செய்து, எம்.ஈ.ஓ. ஆபீஸில் எழுத்துப்பூர்வமாக அனுமதி வாங்காமல் பிள்ளைகளை வெளியே அழைத்துப் போகக்கூடாது என்றேன். மண்டலக் கல்வி ஆபீஸ் என்றால் இரண்டு மாசம் இழுப்பார்கள் என்ற கணக்கு.

மறுநாளே வாங்கிவிட்டாள்! பெர்மிஷன் லெட்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பி, கீழே "நன்றி சார், நீங்க சொன்னது நல்லதாப் போச்சு" என்று வேறு.


1 ஆகஸ்ட், வியாழன்

யாரிடமும் சொல்லாமல் பைக்கில் கொல்லமேடு போய் வந்தேன். எழுத எழுதப் பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான். வேறெதற்கும் இல்லை.

முதல் குழி, பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில். உள்ளே பிளாஸ்டிக் கவரும் முட்டை ஓடும். மூன்றாவது மேல் எருக்குப்பை. எட்டாவதைத் தேடித் தேடிப் பார்த்தால், அங்கே சிமெண்ட் தளம் போட்டு டிராக்டர் நிறுத்தியிருக்கிறார்கள். பதினேழாவது இருந்த இடமே தெரியவில்லை. இருபது பார்த்ததும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் பார்த்து?

நேராக சந்திரம்மா வீட்டுக்குப் போனேன். ஊரில் பெண்கள் சங்கத் தலைவி. 2019ல் என்னோடு சேர்ந்து மண் சுமந்தவள். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"யக்கா, நாளைக்கு ஒரு பத்து பேரை அனுப்பு. ரோட்டு ஓரமா இருக்கிறதையாவது தூர் வாரிடலாம். சனிக்கிழமை பசங்க வராங்க."

"பசங்க எங்கூர்ப் பசங்கதானே. அவுங்களுக்குத் தெரியாதா எது எப்டி கீதுன்னு?"

"இல்லக்கா, வெளிநாட்டுக்குப் போவுது கணக்கு."

"அப்போ போட்டோவுக்கு." கடலைத் தோலை முறத்திலிருந்து ஊதினாள். "மூணு வருசமா எங்கே போய்க்கினு இருந்தே நீ? மழ வந்தா தண்ணி எங்க வாசல்ல நிக்குது, குழியில நிக்கல. போன் பண்ணா எடுக்கல. இப்போ வந்து யக்கான்றே."

நான் கொஞ்சம் குரலை உயர்த்திவிட்டேன். ஊருக்கு நல்லது செய்தால் இதுதான் மிச்சம் என்றேன். நீங்கள் பராமரிக்காமல் விட்டதற்கு என்னைக் கேட்கிறாயா என்றேன்.

அவள் எழுந்தாள். "உங்க பேப்பர்ல எங்க குழியெல்லாம் நல்லாத்தானே கீது? அங்கேயே போய் தண்ணி புடிச்சிக்கோ."

தெருவே கேட்டது. யாரோ சிரித்தார்கள். இனி ஆபீஸ் வேலை இல்லாமல் அந்த ஊர்ப்பக்கம் தலை வைத்துப் படுத்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.


3 ஆகஸ்ட், சனி

பன்னிரண்டு.

நாற்பத்தொன்றில் தண்ணி குடிப்பது பன்னிரண்டு.

ஒவ்வொரு குழியிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, அது இறங்க எத்தனை நிமிஷம் என்று வாட்சில் பார்த்தார்கள். இறங்காவிட்டால் ஏன் என்று ஒரு கட்டம். அங்கேயே தரணியின் போனில் ஏற்றினார்கள். அந்த நொடியே கிடுயிக்கும் நெதர்லாந்துக்கும் தெரியும். மேடம் செய்து வைத்த ஏற்பாடு அப்படி.

பதினேழாம் குழிக்கு ஒரு பெண் எழுதியிருந்ததைப் பார்த்தேன். காரணம்: "இதைப் பார்க்க யாரும் வரவில்லை."

ஜீப்பில் திரும்பும்போது வைஜயந்தி அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னை ஏதாவது கேட்டுத் தொலைத்திருந்தால் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.


6 ஆகஸ்ட், செவ்வாய்

நேற்று செக்ரட்டரி அறையில் தெலுங்கில் விழுந்த வசவு ஒன்றையும் எழுதப் போவதில்லை. கடைசியில், "நுவ்வே சூஸ்கோ" என்றார். நீயே பார்த்துக்கொள். அவருக்கு மூன்று வருஷமும் தெரியும். தெரியாத மாதிரி திட்டினார். அதுவும் ஒரு திறமை.

இன்று காலை மெயில் அனுப்பினேன். கிடுயிக்கும் நெதர்லாந்துக்கும், வைஜயந்திக்குக் காப்பி. பிள்ளைகள் பயிற்சி இல்லாதவர்கள், இது ஒரு ஒத்திகை மட்டுமே, அளந்த முறை தவறு, சரியான எண்ணிக்கையை எங்கள் ஆட்கள் பின்னால் அனுப்புவார்கள். இங்கிலீஷ் சரியாக இருக்கிறதா என்று போனிலேயே சரிபார்த்துக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எம்.ஈ.ஓ.வுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். டீச்சர் பாதுகாப்பில்லாமல் பிள்ளைகளைக் குழிக்குள் இறக்கினார் என்று. யாரும் இறங்கவில்லை. நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

வைஜயந்தி என் மேசைக்கு வந்தாள். ஜெராக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. "எண்ணத் தெரியாதுன்னா எழுதியிருக்கேள்? பதிமூணு வயசுக் கொழந்தைகளைப் பாத்து?" 

"ஒத்திகைன்னுதான் மேடம் எழுதினேன்."

"நான் வாசிச்சேன் சார். எனக்கு இங்கிலீஷ் தெரியும்."

திமிர். ஆனால் குரல் உடைந்திருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.


21 ஆகஸ்ட், புதன்

தரணிக்கு மெமோ வந்துவிட்டது. போன் செய்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"சார், நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பசங்க கேக்கறாங்க. நாங்க தப்பா எண்ணிட்டமா மிஸ்னு. நான் என்னா சொல்லட்டும்?"

"மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.


29 ஆகஸ்ட், வியாழன்

ஸ்வர்ணலதாவுக்குத் தெரிந்துவிட்டது. என் மாமனார் ஊர் கொல்லமேட்டுக்கு அடுத்த ஊர். அங்கே தும்மினால் இங்கே கேட்கும். சாப்பாடு போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். இருபது வருஷத்தில் இவள் இப்படி எதிரில் உட்கார்ந்தால் நல்லது நடந்ததில்லை.

"அந்த டீச்சரம்மா பசங்கள குழியில இறக்குச்சா?"

"அது ஆபீஸ் விஷயம்."

"இறக்குச்சா இல்லியா?"

"இல்ல."

"நீ எண்ணுனியா?"

சோற்றைப் பிசைந்தேன்.

"அப்போ எண்ணுனவங்கள ஏன் திட்டறே?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஊரெல்லாம் ஒரு பக்கம் நின்னுக்கினு என்னை மட்டும் பார்த்தா நான் எங்க போவேன்? செக்ரட்டரிய யாராவது கேட்டாங்களா? நாற்பத்தொண்ணுன்னு கேட்டது அந்த ஆளு. கை தட்டினது வெளிநாட்டான். எழுதினது மட்டும் நான். நான் மட்டும்.

மேலே எழுதினதைத் திரும்பப் படித்தேன். "எழுதினது மட்டும் நான்." சரிதான்.


12 செப்டம்பர், வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மூன்று ஊர் மீட்டிங். கொல்லமேடு வகுப்பறையில் பிள்ளைகள், தரணி, வைஜயந்தி, நான். சந்திரம்மாவும் சங்கத்துப் பெண்கள் நாலு பேரும் பின் பெஞ்சில். திரையில் ஒரு பக்கம் கிடுயி, இன்னொரு பக்கம் டச்சுப் பிள்ளைகளும் அவர்கள் பொறுப்பாளர் மரைக்கே என்கிற அம்மாவும். செக்ரட்டரிக்கு இன்று ஏதோ கல்யாணம்.

கியோகோதான் முதலில் பேசினார். கொல்லமேட்டுப் பிள்ளைகள் போட்ட பட்டியலைப் பார்த்துவிட்டு அவர் பிள்ளைகளும் கிளம்பிவிட்டார்களாம். அங்கே மலைச்சரிவில் அறுநூறு மரக்கன்று நட்டிருந்தார்கள். வருஷா வருஷம் ஐந்நூற்று நாற்பது உயிரோடு இருப்பதாக அவர் எழுதுவார். பிள்ளைகள் எண்ணினார்கள். எழுபத்தொன்று.

"நானும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன்" என்றார். "பிள்ளைகள் தவறாக எண்ணிவிட்டார்கள் என்று. அப்போது உங்கள் கடிதம் வந்தது. மற்றவர் எழுதி அதைப் படிக்கும்போது எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. என்னால் எழுத முடியவில்லை."

வைஜயந்தி பிள்ளைகளுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் நிறுத்திவிட்டு, என் பெயரைத் தடுமாறி உச்சரித்து, கேட்டார்: "உங்கள் பிள்ளைகள் தவறாக எண்ணினார்களா?"

நெட்வொர்க் போய்விட்டது என்று லேப்டாப்பை மூடிவிடலாமா என்று நினைத்தேன். கை அதன்மேல்தான் இருந்தது. கோபம்தான் வந்தது, சத்தியமாக. இத்தனை பேர் நடுவில் என்னை நிறுத்திவிட்டானே என்று. எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் வராது. தமிழில்தான் வந்தது.

"இல்ல. சரியாத்தான் எண்ணுனாங்க. நான்தான் எண்ணல. மூணு வருசமா பாக்காமலே நாப்பத்தொண்ணுன்னு எழுதிக்கினு வந்தேன். அப்புறம் பசங்க மேலயும் டீச்சர் மேலயும் பொய் சொன்னேன். குழியில யாரும் எறங்கல."

வைஜயந்தி திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள். அதில் 'மிஸ்டேக்' என்ற வார்த்தை வந்தது.

எங்கிருந்து வந்ததோ தெரியாது. "நோ" என்று கத்திவிட்டேன். "நோ மிஸ்டேக். லை. ஐ டோல்ட் லை."

பின் பெஞ்சில் சந்திரம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கியோகோ எழுந்து நின்றார், அங்கே. ஏன் நின்றார் என்று தெரியவில்லை. அவர் பிள்ளைகளும் எழுந்தார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து பைக் சாவியைத் தேடினேன். பாக்கெட்டிலேயே இருந்தது.


13 செப்டம்பர், வெள்ளி

மனசு லேசாகிவிடும் என்று சொல்கிறவனைக் கூட்டி வாருங்கள். செருப்பால் அடிக்கலாம்.

செக்ரட்டரி ஒரே வரி சொன்னார். திங்கட்கிழமைக்குள் ராஜினாமாக் கடிதம். மரைக்கேயிடமிருந்து மெயில்: மறு பரிசீலனை வரை ட்ரஸ்டோடு எல்லா வேலையும் நிறுத்தம்.

வைஜயந்தி பாராட்டுவாள் என்று உள்ளுக்குள் எங்கேயோ ஒரு நாய் வாலாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. படிக்கட்டில் நிறுத்தினாள்.

"ஜூலைல எங்கிட்ட சொல்லியிருந்தா அது ஒரு பாரா சார். ரிப்போர்ட்ல ஒரு பாரா. இப்போ மொத்த ப்ராஜெக்டே போறது. ஆபீஸ்ல ஒன்பது பேர். உங்களுக்கு நேர்மை வரதுக்கு நாள் பாத்துண்டிருந்ததா?"

மீதிப் படிகளை இறங்கினேன்.


20 செப்டம்பர், வெள்ளி

மூன்று நாளாக எம்.ஈ.ஓ. ஆபீஸ். நான் கொடுத்த புகார் பொய் என்று தெலுங்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கிளார்க் இரண்டு தரம் படித்துவிட்டு, புகார் கொடுக்க ஒரு நாள் போதும், திரும்ப வாங்க இத்தனை சுலபமா என்றான். சுலபம் என்று யார் சொன்னது? மூன்றாம் நாள் அதிகாரி சீல் வைத்தார்.

நகலை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தரணி வாங்கிப் படித்தாள். மடித்தாள்.

"சர்வீஸ் ரெஜிஸ்டர்ல ஏறினது ஏறினதுதான் சார். மெமோ ரத்துன்னு கீழ ஒரு வரி எழுதுவாங்க. படிக்கிறவன் ரெண்டையும் படிப்பான்."

"மன்னிச்சிடுங்க மிஸ்."

"எனக்கு க்ளாஸ் இருக்குது" என்று போய்விட்டாள்.

வகுப்புக்குள் போய் நானே பிள்ளைகளிடம் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நியாயம்.


7 அக்டோபர், திங்கள்

புத்தூரில் பைப்பு, மோட்டார் விற்கிற கடையில் சேர்ந்திருக்கிறேன். முதலாளி பாலையா ஸ்வர்ணலதாவின் தூரத்து மாமா. கல்லாவில் உட்கார வைக்கவில்லை. கோடவுன் பக்கம். அவருக்கும் கதை தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கொல்லமேட்டுக்குப் போனேன். பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மண்வெட்டி மட்டும் எடுத்துப் போனேன். யாரிடமும் சொல்லாமல் பஸ் நிற்கிற இடத்துக் குழியில் இறங்கி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அரை மணி கழித்து சந்திரம்மா வந்து மேலே நின்றாள்.

"இத ஏன் தூர் வார்றே?"

"செத்துக் கிடக்குதே."

"அது பொறந்ததே செத்துதான். தண்ணி இந்தப் பக்கமா வருது? மேட்டுல வெட்டி வச்சிட்டு தண்ணி வரல தண்ணி வரலன்னா? அன்னிக்கே சொன்னேன். கார் வந்து நிக்க வசதியா ரோட்டோரம் வேணும்னீங்க நீங்க."

மண்வெட்டியை ஊன்றி நின்றேன். 2019. ஆமாம், சொன்னாள். நெதர்லாந்திலிருந்து ஆட்கள் பார்க்க வருவார்கள், வயலுக்குள் நடக்க முடியாது என்று நான்தான் சொன்னேன். நாற்பத்தொன்றில் எத்தனை இப்படி? அவளே விரல் விட்டுச் சொன்னாள். பத்தொன்பது.

பிள்ளைகள் எழுதின காரணத்தில்கூட இது இல்லை. அவர்களுக்கு அப்போது ஏழெட்டு வயசு.

"மேல வா. அங்க ஓடையண்ட கீறத பாரு, அது நாலு நல்லாருக்கும்" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை.


16 அக்டோபர், புதன்

மூன்று நாளாக விடாத மழை. புத்தூரில் கடைக்குள்ளேயே முழங்கால் தண்ணீர். கொல்லமேட்டில் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு யார் நம்பரும் இல்லை. இருக்கிறது. கூப்பிடவில்லை.


25 நவம்பர், திங்கள்

போன வாரம் கடைக்கு ஒரு போன். வைஜயந்தி. ட்ரஸ்டை விட்டுவிட்டாளாம்.

"திட்டறதுக்குக் கூப்பிடலை சார்" என்று ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மூன்று ஊரும் ட்ரஸ்டை நடுவில் வைக்காமல் நேராகவே பேசிக்கொள்ள முடிவு செய்திருக்கிறார்களாம். கொல்லமேட்டுக்கு சந்திரம்மாவின் சங்கம், பள்ளிக்கூடம். அவள் மொழிபெயர்ப்பு மட்டும் பார்க்கிறாள். பிள்ளைகள் இப்போது மாற்றிக்கொள்வது செத்துப்போனவற்றின் பட்டியல். டச்சுப் பள்ளிக்கூடத்தின் மொட்டைமாடியில் போட்ட பச்சைக் கூரையில் பாதி காய்ந்து கிடக்கிறதாம். ஆறு வருஷமாக ரிப்போர்ட்டில் பச்சை. மரைக்கேயே எண்ணிவிட்டு எழுதினாளாம்.

"கியோகோ கேட்டார். குழியைப் பத்தி காரணம் எழுதற கட்டம் இருக்கே, அதுல எதெது தப்பான இடத்துல வெட்டினதுன்னு கொல்லமேட்டுல யார் சொல்ல முடியும்னு. சந்திரம்மா உங்க பேரைச் சொன்னா. சொல்லிட்டு வேற ஒண்ணும் சொன்னா, அதை நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லுங்க மேடம்."

"வேண்டாம்."

பைப்பு பில் புத்தகத்தின் பின்பக்கம் பத்தொன்பதையும் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் காரணம். ஏழு இடத்தில் "நான் சொன்னதால்" என்று வந்தது. தமிழிலேயே அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவள் ஆங்கிலத்தில் போட்டதை அனுப்பினாள். டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் பார்த்தேன். எங்கேயும் மென்மையாக்கவில்லை.


24 ஜனவரி 2025, வெள்ளி

சங்கத்துக்கு ஒரு ஆள் வேண்டுமாம். கொல்லமேட்டு வேலையைப் பார்த்துக்கொள்ள, மற்ற இரண்டு ஊரோடு பேச. ஸ்வர்ணலதாவே அப்ளிகேஷன் எழுதச் சொன்னாள். நாற்பத்தெட்டு வயசில் இன்டர்வியூ.

பஞ்சாயத்து ஆபீஸில் சந்திரம்மா, தரணி, திரையில் வைஜயந்தி. ஸ்டூலில் நான். மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு. இப்படி ஒரு ஸ்டூலில் எத்தனை பேரை நான் உட்கார வைத்திருப்பேன்.

தரணி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "இந்த வேலைக்கு நாங்க உங்கள ஏன் நம்பணும்?"

"நம்ப வேணாம் மிஸ். கூடவே வந்து பாருங்க" என்றேன்.

எழுதிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.


27 ஜனவரி, திங்கள்

என்னை எடுக்கவில்லை. தமிழரசு என்று அந்த ஊர்ப் பெண், டிகிரி முடித்தவள், அவளுக்குத்தான். நல்ல தேர்வு. நான் உட்கார்ந்திருந்தாலும் அவளைத்தான் எடுத்திருப்பேன். இல்லை, அன்றைய நான் எடுத்திருக்க மாட்டேன்.

கோபம் வந்தது. முழு நாளும் இருந்தது. பாலையா மாமா, "இன்னாத்துக்கு பைப்ப தூக்கிப் போடறே, ஒடஞ்சா யாரு தண்டம்" என்று கத்தினார்.

சாயங்காலம் சந்திரம்மாவின் குரல் வாட்ஸப்பில். "வேல உனுக்கு இல்ல, தெரிஞ்சிருக்கும். அடுத்த வாரம் வெள்ளிக்கெழம கூட்டத்துக்கு வா. தமிழரசுக்கு பழசு ஒண்ணும் தெரியாது. வந்து உக்காரு. கேட்டா மட்டும் பேசு."


7 பிப்ரவரி, வெள்ளி

கடையில் அரை நாள் லீவு கேட்டுப் போனேன். பஞ்சாயத்து ஆபீஸில் பதினைந்து பேர். பாய் விரித்திருந்தார்கள். சுவரோரமாக உட்கார்ந்தேன்.

புதுக் குழி ஆறு வெட்டப் போகிறார்கள். ஓடை ஓரம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், இன்னும் இரண்டு இடம். போன மழையில் தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று பெண்களே தரையில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். தரணி கேள்வி கேட்டாள். தமிழரசு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். திரையில் கியோகோ தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார், புரிந்ததோ இல்லையோ.

கடைசியில் பழைய ஏரிக்கரைப் பக்கம் ஒன்று வெட்டலாமா என்று பேச்சு வந்தது. தமிழரசு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சார், அங்க அடியில பாறை இருக்குதா? தண்ணி எறங்குமா?"

எல்லோரும் திரும்பினார்கள். பழைய நானாக இருந்தால் அடியும் ஆழமும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்.

"தெரியாது" என்றேன்.

தமிழரசு பேனாவைத் தூக்கியபடி சந்திரம்மாவைப் பார்த்தாள்.

"தெரியாதுன்னே எழுதிக்கோ" என்றாள் சந்திரம்மா. "நாளைக்குப் போய் தோண்டிப் பாக்கலாம்."